டப்பாவுக்குள் போன குரல்

மூன்றாம் நாளே இரண்டு பேட்டரியும் செத்துப்போயிருந்தன.

அண்ணி காது மிஷின்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். ஒரு ஜோடி பேட்டரி ஒரு வாரத்துக்குக் குறையாமல் வரும் என்று காது பரிசோதிக்கிற பெண் சொல்லியிருந்தாள். முதலில் வரத்தான் செய்தது. இந்த மூன்று மாதமாகத்தான் இந்தக் கூத்து.

"மறுபடியுமா?" என்றார் புருஷன், அவள் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி, வாயை அகலமாகத் திறந்து. "பேட்டரியத் திங்கிறியா என்ன?"

அவள் புதுப் பேட்டரியின் ஒட்டுத்தாளைப் பிய்த்துவிட்டு உள்ளே வைத்தாள். அதற்குள் அவர், அவள் திறந்து வைத்திருந்த சர்க்கரை டப்பாவை மூடி, அலமாரியைச் சாத்தி, ஜன்னல் கொக்கியைப் போட்டு முடித்திருந்தார். தெருவில் அவருக்குப் பூட்டு என்று பெயர். திறந்து கிடக்கிற எதையும் அவர் கண் பொறுக்காது. ஒரு தடவை அடுத்த வீட்டுக்காரர் திறந்து வைத்திருந்த வண்டிப் பெட்டியை நல்ல மனதோடு அழுத்திச் சாத்திவிட்டு வந்தார். சாவி உள்ளே இருந்தது.

அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ஆனால் அந்த வட்டாரமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. கொழுந்தன் சின்னவன் பள்ளிக்கூடப் பையோடு அச்சகத்துக்குள் ஓடி வந்து "அண்ணி" என்று கத்துவதைக் கேட்டுக் கேட்டு, காகிதம் கொண்டுவருகிறவர், நோட்டீஸ் அடிக்க வருகிறவர் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போனபோது சின்னவனுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. பையனின் படிப்பை நிறுத்தி அச்சகத்தில் உட்கார வைக்கலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். புதுப்பெண்ணாக வந்தவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாவது அச்சு எந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த எந்திரத்தின் இரைச்சல்தான் வருஷக்கணக்கில் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

சின்னவன் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அவளைக் காது பரிசோதனைக்கு இழுத்துப்போனான். மிஷின்களை அவளுடைய போனோடு ப்ளூடூத்தில் சேர்த்துக் கொடுத்தவனும் அவனே. "இனிமே போன் வந்தா நேரா காதுக்குள்ளயே கேக்கும் அண்ணி. நீங்க பேசுறதையும் மிஷினே எடுத்துக்கும். போனைக் கையில புடிக்கக்கூட வேண்டாம்."

அப்படிப்பட்டவன், கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறது என்று ஒருநாள் வந்து நின்றபோது, அவளுக்கு என்ன தோன்றியதோ, "வளர்த்தது போதும். இனி உன் வழி உனக்கு" என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டாள். அவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு, விசா வரும்வரை இருக்க, ஊரின் மறுகோடியில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டான்.

புருஷனின் போன் அடித்தது. அவர் எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார். ஓரகத்தியின் குரல்.

"மாமா, நாளைக்குக் கிளம்புறோம். உங்ககிட்ட சொல்லாம போகக் கூடாதுல்ல... அக்காகிட்ட சொல்லணும்னு இல்ல."

"ஏம்மா அப்படிச் சொல்ற?"

"வேற எப்படிச் சொல்ல மாமா? இங்க வந்ததுலேர்ந்து இவரு எத்தனை தரம் கூப்பிட்டுட்டாரு. காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, அக்கா எந்திரிக்கிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாரு. போனை எடுக்குறாங்க. ஒரு வார்த்தை பேசுறதில்ல. இவரு அண்ணி, அண்ணின்னு சொல்லிப் பார்த்துட்டு வெச்சுடுவாரு. அப்புறம் அன்னைக்கு முழுக்க மூஞ்சியப் பார்க்க முடியாது. ராங் நம்பருக்குக்கூட 'ராங் நம்பர்'னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க..."

போன் அணைந்தது. புருஷன் அவளைப் பார்த்தார்.

"கேட்டுச்சா? இப்பவாவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள். "நான் பேசினேங்க. ஒவ்வொரு தரமும் பேசினேன். அவன்தான் மூச்சுக் காட்டல."

"கூப்பிட்டவன் அவன். அவனே பேசாம இருப்பானா? என்ன கதை இது?" அவர் குரல் கம்மியது. "நமக்குன்னு ஒண்ணு பொறக்கல. இருந்தது அவன் ஒருத்தன். அவனும் நாளைக்கு நம்மகிட்ட முகங்கொடுக்காம போகப் போறான். ராத்திரி பேட்டரிக் கதவத் திறந்து வைன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. அத மறந்துடுற. போன்ல பேசுனேனா இல்லையான்னும் மறந்துடுற..."

மறந்துடுற. அந்தச் சொல் அவளுக்குள் இறங்கி ஓரிடத்தில் நின்றது.

ஏனென்றால் அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. மிஷினின் அடியில் நகக்கண் அளவு ஒரு கதவு. ராத்திரி கழற்றி வைக்கும்போது அதைத் திறந்துவிட்டால்தான் மிஷின் அணையும், பேட்டரி மிச்சமாகும். ஒவ்வொரு ராத்திரியும் திறந்து வைத்ததாகத்தான் அவளுக்கு நினைவு. ஆனால் விடிந்து எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் மூடியிருந்தது. ஆயிரக்கணக்கான தாள்களைத் தப்பாமல் எந்திரத்துக்குள் கொடுத்த கை அது. அந்தக் கையின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்று இருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவர் எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்தார்.

அச்சகத்தில் எந்திரம் வெற்றுத்தாளைத் துப்பினால், மை சரியில்லை என்று ஒருவனும் தாள் சரியில்லை என்று இன்னொருவனும் சண்டை போடுவார்கள். அவள் இருவரையும் நகரச் சொல்லிவிட்டு, அந்தத் தாளை முதலிலிருந்து மறுபடி ஓட்டுவாள். எங்கே நழுவுகிறது என்பது ஓடும்போதுதான் தெரியும். அவன் பேசினேன் என்கிறான். நான் பேசினேன் என்கிறேன். அவன் பொய் சொல்லுகிறவன் இல்லை. நானும் இல்லை.

"என்னங்க... எனக்கு ஒரு போன் போடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"போடுங்களேன். வெளித்திண்ணைல உக்காந்து போடுங்க."

போட்டார். மிஷின் காதில் இருந்தது. அவர் குரல் காதுக்குள் தெளிவாகக் கேட்டது. அவருக்கும் அவள் குரல் கேட்டது.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று உள்ளே வந்தார், குற்றத்தை நிரூபித்துவிட்டவர்போல.

"இருங்க. அவன் கூப்பிடுறது நான் எந்திரிச்ச உடனே. அப்ப மிஷின் காதுல இருக்காது." அவள் இரண்டையும் கழற்றினாள். படுக்கையறை மேஜைமேல் இருந்த, பஞ்சு விரித்த சின்ன டப்பாவில், கதவுகளை நகத்தால் நெம்பித் திறந்து, படுக்க வைத்தாள். மூடியை மூடவில்லை, காற்றுப் படட்டும் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் போனபோது அந்தப் பெண் சொல்லியிருந்தாள். "இப்ப கூப்பிடுங்க."

போனைக் காதோடு அழுத்தினாள். மிஷின் இல்லாவிட்டாலும் அமைதியான வீட்டில் இப்படி வைத்தால் அவளுக்கு ஓரளவு கேட்கும். கேட்டது. 'ஹலோ, ஹலோ, போதுமா' என்கிற எரிச்சல்கூடக் கேட்டது.

அவர் உள்ளே வந்து கையை விரித்தார். உதட்டில் ஒரு கசப்பு. அவள் அடுப்பில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அணைத்தாள். முகம் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த முகத்தைக் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியென்றால் எனக்குத்தான் புத்தி மங்குகிறதா... அவன் பேசி, எனக்குக் கேட்டு, நான்தான் மறந்துவிட்டேனா?

இல்லை. நான் இல்லை.

திரும்பி வந்தாள். "இன்னொரு தரம்."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"கடைசித் தரம்."

போன் அடித்தது. எடுத்தாள். காதில் அழுத்தினாள்.

ஒன்றும் இல்லை.

"கேக்குதா?" என்று கத்தினாள். வெளியிலிருந்து பதில் இல்லை. எட்டிப் பார்த்தாள். அவர் போனைக் காதில் வைத்து, வாயை அசைத்துக்கொண்டுதான் இருந்தார். அவள் கையிலிருந்த போனுக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் நேராக மேஜைக்குப் போனாள். டப்பா மூடியிருந்தது. திறந்தாள். இரண்டு மிஷின்களின் கதவுகளும் அழகாக, இறுக்கமாக மூடியிருந்தன. ஒன்றை எடுத்துக் காதில் போட்டுக்கொண்டாள். அதற்குள் ஒரு சின்னஞ்சிறு குரல், "ஏய், இருக்கியா, இல்லையா" என்று திட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க. உள்ள வாங்க."

வந்தார்.

"நான் அடுப்படிக்குப் போனப்ப இந்த ரூமுக்கு வந்தீங்களா?"

"கண்ணாடி எடுக்க வந்தேன். ஏன்?"

"இத யாரு மூடுனா?"

அவர் டப்பாவைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அந்தக் கை என்ன செய்தது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"திறந்து கிடந்துச்சு..." என்றார். "தூசி போயிடுமேன்னு..."

"ராத்திரியுமா?"

அவர் தலையசைத்தார். "விளக்கணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு சுத்து வருவேன்ல. எல்லாத்தையும் மூடிட்டு..." கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இது அந்தக் கதவுன்னே தோணல. கை தானா மூடியிருக்கு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு மூடியதும் மிஷின் விழித்துக்கொண்டு போனைத் தேடிப் பிடித்திருக்கிறது. ராத்திரி முழுக்க டப்பாவுக்குள் விழித்துக் கிடந்து பேட்டரியைக் குடித்திருக்கிறது. விடிந்து சின்னவன் கூப்பிட்டபோது அவன் குரலை அங்கே வாங்கிக்கொண்டிருக்கிறது. அவள் பேசியதை எடுத்துப்போக வேண்டிய மிஷின், டப்பாவின் பஞ்சைத்தான் அவனுக்குக் கேட்க வைத்திருக்கிறது.

"திட்டிடு" என்றார் அவர்.

"திட்டலாம். நாளைக்குத் திட்டுறேன். இன்னைக்கு நேரமில்ல." அவள் எழுந்தாள். காலையிலிருந்து குனிந்திருந்த முதுகு நிமிர்ந்திருந்தது. என் கை மறக்கவில்லை. "சட்டையப் போடுங்க."

"நான் இப்பவே அவனுக்கு போன் போட்டு..."

"போனை நம்பினது போதும். நேர்ல போறோம்."

சின்னவன் வீட்டுக் கதவைத் திறந்தது ஓரகத்தி. நிறைமாதம் இல்லை, ஆனால் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அதுகூட அண்ணிக்கு யாரும் சொல்லவில்லை.

"வாங்க மாமா" என்றாள். கொஞ்சம் தள்ளி, "வாங்க" என்றாள். அதில் அக்கா இல்லை.

கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். சின்னவன் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"பேச வரலன்னா பரவால்ல அண்ணி. வழியனுப்ப வந்ததே பெரிசு."

"பேசத்தான் வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு."

"என்ன அண்ணி இது? பக்கத்துல நிக்கிறீங்க..."

"போடுடா."

அந்த 'டா' வந்ததும் அவன் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போயிற்று. அண்ணி மிஷின்களைக் கழற்றி, கதவுகளைத் திறக்காமல், காலியாக இருந்த ஒரு பெட்டிக்குள் போட்டு மடக்கினாள். போனை மட்டும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அவன் கூப்பிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் போனை எடுத்தாள், காதில் வைத்தாள். அவள் உதடு அசைந்தது. நிற்காமல் அசைந்தது. அவன் போனில் அட்டை உரசுகிற சத்தம் மட்டும் வந்தது.

"அண்ணி?" என்றான். "அண்ணி, கேக்குதா?"

பெட்டியைத் திறந்து மிஷினை எடுத்த ஓரகத்தி, அதைக் காதருகே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். "ஏங்க... நீங்க பேசுறது இதுக்குள்ள கேக்குது."

"ராத்திரி ராத்திரி அத மூடினது நான்தான்டா" என்றார் பெரியவர். தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் டேப் உருளையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ திறந்துதான் வெச்சா. நான்தான் மூடுனேன். அவளும் பேசியிருக்கா, நீயும் பேசியிருக்க. நடுவுல நான்."

சின்னவன் கண்ணாடியையே பார்த்தான். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவன் போய்க் கதவைத் திறந்து அவளை உள்ளே கூட்டி வந்தான். ஓரகத்தி மிஷின்களை நீட்டினாள். அண்ணி அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள்.

"என்ன சொன்னீங்க அங்க?"

"அன்னைக்கெல்லாம் சொன்னதுதான். 'என்னப்பா, சாப்டியா, அண்ணி மேல கோவம் போச்சா? நான் சொன்னது தப்புடா.' அவ்வளவுதான்."

"திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்ல அண்ணி? ஒரு தரம்..."

"கூப்பிட்டிருக்கலாம். நீயும் இத்தன நாள்ல நேர்ல வந்து நின்னிருக்கலாம்." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "நீ வேணும்னே கூப்பிட்டுட்டு மூச்சுக் காட்டாம இருந்து என்னைத் தண்டிக்கிறேன்னு நெனச்சேன். பட்டுக்க வேண்டியதுதான்னு இருந்துட்டேன். நீ என்ன நெனச்ச?"

"நான் உங்க பிள்ளை இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு..."

"பார்த்தியா. மிஷின் சத்தத்த மட்டுந்தான்டா எடுத்துக்கிச்சு. மிச்சத்த நாமதான் எழுதிக்கிட்டோம்."

ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா..." என்றாள்.

"எத்தனாவது மாசம்?"

"அஞ்சு."

"அப்புறம் ஏன் நின்னுக்கிட்டே இருக்க? உக்காரு." அண்ணி தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். "இது என்ன பெட்டி கட்டுற லட்சணம்? கனமானத மேல வெச்சு... எல்லாத்தையும் பிரிங்க. நான் கட்டுறேன். நாளைக்கு வழியனுப்பவும் வர்றேன். வரலாமான்னு கேக்கல. வர்றேன்னு சொல்றேன். குழந்தை பொறக்குறப்ப அங்கயும் வர்றேன். அச்சகத்த உங்க அண்ணன் பார்த்துக்குவார்."

சின்னவன் அதற்குள் உடைந்துவிட்டான். பள்ளிக்கூடப் பையோடு ஓடி வந்தவனைப்போல அல்ல; வளர்ந்த ஆண் அழுகிற மாதிரி, சத்தமில்லாமல், தோள் குலுங்க. அவள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் கன்னம் அவள் காதை அழுத்தியது. கீ... என்று மிஷின் கிறீச்சிட்டது.

அவன் பயந்து விலகினான். "அண்ணி, சத்தம் வருது. கெட்டுப்போச்சா?"

"கெடல" என்றாள். "யாராவது காதோட ஒட்டி நின்னா இது இப்படித்தான் கத்தும். அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு."

அவன் தலையை மறுபடி இழுத்து அதே காதோடு சேர்த்துக்கொண்டாள்.

"கத்தட்டும்."