பூதத்துக்கு யார் குரல்?

எல்லாரும் பட்டாசு என்று கூப்பிடும் அந்தச் சிறுமிக்குக் காலையிலேயே அதிர்ச்சி. பல்கலைக்கழகத்தில் அண்ணனுக்குப் பரீட்சையாம். ஆனால் விளையாடப் போவது அவளாம்!

"நான் படிக்கிறதே வீடியோ கேம் செய்யத்தானே? சின்னப் பசங்க என் கேமை விளையாடிப் பாப்பீங்க. ஒருத்தராவது முதல் கட்டத்தைத் தாண்டினாதான் எனக்குப் பாஸ்," என்றான் அண்ணன்.

"விளையாட்டுக்குப் படிப்பா!" பட்டாசு திறந்த வாய், பல்கலைக்கழக வாசலில் பேருந்து நின்ற பிறகுதான் மூடியது.

கணினி அறையில் பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பசங்க விளையாடும்போது கேமைச் செஞ்சவங்க மூச்சு விடக் கூடாது. நாளைக்கு வீடு வீடாப் போயா விளக்கம் சொல்லப்போறீங்க?"

அண்ணனின் கேமில் ஒரு வீரன் வாளோடு குகைக்குள் போவான். பரட்டைத் தலையோடு ஒரு பூதம் வந்து கத்தும். அதை அடித்து உட்கார வைத்தால் கதவு திறக்கும்.

முதலில் விளையாடிய பையன், பூதம் கத்தியதும் தலையில் மாட்டிய ஹெட்போனோடு மாடிப்படி வரை ஓடிவிட்டான். அடுத்தது முன்பல் விழுந்த ஒரு குட்டிப்பெண். அவள் ஒரே தாவலில் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

அண்ணனின் முகம் காற்றுப் போன பலூனாகச் சுருங்கியது. ஆனால் வாயைத் திறக்க முடியாதே!

மீதி இருந்தது பட்டாசு மட்டும்தான். ஹெட்போனை மாட்டினாள். பூதம் கத்தியது. அவள் முடியெல்லாம் குத்திட்டு நின்றது. பயத்தால் அல்ல.

"அடப்பாவி அண்ணா! இது என் அழுகை!"

அதேதான். போன வாரம் தலைச்சிக்கில் சீப்பு மாட்டிக்கொண்டபோது அவள் அழுத அழுகை. அதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, இழுத்து, தடியாக்கிப் பூதத்துக்குக் கொடுத்திருக்கிறான்!

பேராசிரியையின் மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. அண்ணன் பேசாமல் கையெடுத்துக் கும்பிட்டான்.

அறையே இடிந்து விழும்படி சண்டை போடப் பட்டாசு மூச்சை இழுத்தாள். அப்போது மேசைக்கு அடியில் இரண்டு கண்கள் மிரண்டு பார்த்தன. இழுத்த மூச்சை அப்படியே விழுங்கிவிட்டு, குனிந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, அந்தப் பூதம் நான்தான்."

"போ, பொய்."

"கத்திக் காட்டட்டுமா? பயப்படக் கூடாது, சரியா?"

குட்டிப்பெண் காதைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். பட்டாசு கத்தினாள். அடேயப்பா! ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. நாலு மாடிக்குக் கீழே இருந்த காவலாளி, விசிலை ஊதிக்கொண்டே மேலே ஓடி வந்தார்.

குட்டிப்பெண் கெக்கெக்கே என்று சிரித்தாள். "ஆமா, நீயேதான்! ஏன் அப்படிக் கத்தினே?"

"தலையில சீப்பு மாட்டிக்கிச்சு. உயிர் போற வலி."

"ஐயோ, பாவம் பூதம்!" அவள் வெளியே வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அதை ஏன் அடிக்கச் சொல்றீங்க? எனக்கு வாள் வேணாம். சீப்புக் குடுங்க. மெதுவாச் சீவி விடறேன்."

அண்ணன் திருதிருவென்று பேராசிரியையைப் பார்த்தான்.

"என்னப்பா முழிக்கிறே? வாயைத்தானே மூடச் சொன்னேன், கையைக் கட்டிக்கச் சொன்னேனா?"

அண்ணனின் விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. வீரன் கையில் வாள் மறைந்து, ஆளுயரச் சீப்பு ஒன்று வந்தது!

குட்டிப்பெண் நாக்கைத் துருத்திக்கொண்டு மெல்லச் சீவினாள். பூதம் கத்தியது, முனகியது, கடைசியில் சமர்த்தாக உட்கார்ந்தது. கதவு திறந்தது. அறை முழுக்கக் கைதட்டல். மாடிப்படிப் பையன்கூட "அடுத்து நான்!" என்று ஓடி வந்தான்.

"பாஸ்!" என்றார் பேராசிரியை. "ஆனா குரல் குடுத்தவங்க பேரை எங்கேயும் காணோமே? அவங்களைக் கேட்டியா?"

"மன்னிச்சிடு பட்டாசு. கேக்காம எடுத்தது தப்புதான். பேரை இப்பவே போட்டுடறேன்."

திரையின் ஓரத்தில் 'பூதத்தின் குரல்: பட்டாசு' என்ற எழுத்துகள் எட்டிப் பார்த்தன.

"எறும்பு மாதிரி இருக்கு. பெருசாக்கு," என்றாள் பட்டாசு. "இன்னும்... இன்னும்..."

"அடியேய், என் பேருக்கு இடம் வேணாமா?"

"அந்த மூலையில ஒரு புள்ளி அளவு இடம் இருக்கு பாரு. அங்க போட்டுக்கோ!"