காற்றைச் சூடாக்கிய வீடு

கோத்தகிரியில் காற்றைச் சூடாக்குவது குற்றமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. பூமியின் வெப்பத்தைக் குறைக்க வானில் தூவிய நிழல்தூள் சமவெளியைக் காப்பாற்றியது. மலையை உறைய வைத்தது. எரிபொருள் போதவில்லை. ஆள் சூடாக இருந்தால் போதும், அறை எதற்கு என்று கேட்டது வெப்ப வாரியம். எல்லோருக்கும் உடல்வெப்பி கொடுத்தார்கள். தோலோடு ஒட்டும் மெல்லிய உடுப்பு; கழுத்து முதல் கணுக்கால் வரை கதகதப்பு. வீட்டுக்குள் மூச்சு புகையாக வரும், குடத்துத் தண்ணீரில் பனி ஏடு படியும். ஆனால் யாருக்கும் குளிராது.

மரியலூயிசுக்கு மட்டும் அந்த உடுப்பு ஆகவில்லை. லாரி தீப்பிடித்ததில் மார்பும் முதுகும் வெந்து ஆறியவர் அவர். வெப்பி பட்டால் தழும்பு வெடித்தது. சூடான காற்றுக்கு அனுமதி இருந்த ஒரே இடம் ஆஸ்பத்திரியின் காற்று வார்டு. இரண்டு வருடங்களாக அங்கேயே கிடந்தார்.

அவர் மனைவி சகாயராணி அதே ஆஸ்பத்திரியில் குழாய் வேலை பார்த்தாள். ஒரு நாள் வாரியத்தின் விதிப்புத்தகத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். காற்றைச் சூடாக்கும் அடுப்பு, எரிகலன், மின்கம்பி மூன்றுக்கும் தடை. வீட்டுக்கு நாளொன்றுக்கு இருநூறு லிட்டர் வெந்நீர் உண்டு. அந்த வெந்நீரை எதற்குச் செலவழிக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மூடிக்கிடந்த ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர் அறையிலிருந்து ஒரு செப்புச் சுருளைக் கேட்டு வாங்கி வந்தாள். தகரப் பெட்டிக்குள் சுருள், அதன் பின்னால் சிறிய ஃபேன். வெந்நீர் டேங்கின் மேல்பக்கத்திலிருந்து ஒரு பைப், சிறிய பம்ப் வழியாகச் சுருளுக்குப் போகும். சூட்டைக் கொடுத்து ஆறிய நீர் இன்னொரு பைப் வழியாக டேங்கின் அடிக்குத் திரும்பும். காற்றோட்டி என்று அதற்குப் பெயர் வைத்தாள். சுவரில் மாட்டும்போது பக்கத்து வீட்டு மாதி அக்கா பெட்டியைத் தாங்கிக்கொண்டாள்.

“மாட்டிக்கிட்டா நானும் உள்ள போகணுமா?”

“போகணும்க்கா. கெட்டியா புடிங்க.”

பம்பை ஓட விட்டபோது சுருளின் பாதி சில்லென்றே இருந்தது. உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று புரிந்து, மேல் திருகைச் சற்றுத் தளர்த்தினாள். உஸ்ஸென்று கொஞ்ச நேரம் சீறியது. பிறகு விரலில் வெந்நீர் பட்டது. திருகை இறுக்கினாள். பெட்டியிலிருந்து இளஞ்சூடாகக் காற்று வந்தது. மாதி அக்கா வெப்பியின் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு வெறும் முழங்கையை அதில் நீட்டியபடி நின்றாள்.

மறுநாள் மரியலூயிஸ் வீட்டுக்கு வந்தார். பத்தாம் நாள் வாரியத்தின் ஆய்வாளர் தணிகைவேல் வந்தான். தெருவிலேயே பனி படியாத ஜன்னல் அவர்களுடையதுதான்.

“காத்தைச் சூடாக்குற மெஷின் வச்சிருக்கீங்க, மேடம்.”

“தெறந்து பாருங்க தம்பி. அடுப்பு இருக்கா? கம்பி ஏதாவது செவக்குதா?”

திறந்து பார்த்தான். “வெந்நீர் குளிக்கிறதுக்குக் குடுத்தது.”

“நான் குளிக்கலையே. பத்து நாளா ஈரத்துணியால தொடச்சுக்கறேன். சந்தேகமிருந்தா கிட்ட வந்து பாருங்க.”

அவன் கிட்ட வரவில்லை. “நான் எழுதிக் குடுத்தா வந்து கழட்டிருவாங்க.”

“கழட்டட்டும். திரும்ப மாட்டுவேன். எத்தனை தடவை கழட்டினாலும் மாட்டுவேன். அந்தச் சட்டத்தை எழுதினவர இவரு சட்டையைக் கழட்டி முதுகப் பாக்கச் சொல்லுங்க.”

அதற்குள் மாதி அக்கா உட்பட தெருக்காரர்கள் நாலு பேர் அந்த அறையில் வந்து உட்காரப் பழகியிருந்தார்கள். எல்லோரும் வெப்பியை அணைத்துக் கழற்றி வைத்திருந்தார்கள். தணிகைவேல் அளவுக்கருவியைச் சுவரில் வைத்தான். எண்ணைப் பார்த்து மறுபடியும் வைத்தான். உடல்களின் சூடே அறையைப் பாதி சூடாக்கியிருந்தது. ஆறு பேர் தனித்தனி வெப்பியில் செலவழிப்பதை விட இந்த அறைக்கு ஆன செலவு குறைவு. நம்ப முடியாமல் மூன்று நாள் வந்து அளந்தான். மூன்றாம் நாள் அவனும் வெப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

அவன் அளவுகளை எழுதி அனுப்ப, ஒரு மாதத்தில் வாரியத்தின் ஆணை வந்தது. காற்றோட்டிக்கு அனுமதி. தெருவே சகாயராணியைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஆணையின் இரண்டாம் பக்கத்தை அவள்தான் முதலில் படித்தாள். காற்றோட்டி இயங்கும் அறையில் எந்நேரமும் ஆறு பேருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மணி அடிக்கும். ஐந்து நிமிடத்தில் வெந்நீர் நின்றுவிடும். எண்ணுவதற்கு ஒரு கண்ணாடிக் கண்ணைச் சுவரில் பொருத்திவிட்டுப் போனார்கள்.

அதன்பின் வீட்டில் ஆள் குறையவே இல்லை. முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். சாப்பிட்டார்கள், சீட்டு ஆடினார்கள், உறங்கினார்கள். கணவனும் மனைவியும் அவர்களுக்கு நடுவில் உப்பு எங்கே, துண்டு எங்கே என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் மரியலூயிஸ் கட்டிலிலிருந்து எழுந்தார்.

“ராணி, கொஞ்சம் வெளிய வா.”

“ஒடம்புக்கு ஆகாதுங்க.”

“தெரியும். வா.”

அவள் தன் வெப்பியைத் தேடவில்லை. இருவரும் பருத்தி உடுப்போடு முற்றத்துக்கு வந்தார்கள். குளிர் காதைக் கடித்தது. அவர் பற்கள் கிட்டித்தன.

“அந்த லாரில தீப்புடிச்ச அன்னிக்கு…” என்று ஆரம்பித்தார். இதுவரை அவர் யாரிடமும் சொல்லாதது அது.

உள்ளே நாலு பேர்தான் மிச்சம்; மணி அடிக்கத் தொடங்கியது. மாதி அக்கா ஜன்னலைத் தட்டி, வரச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

சகாயராணி எட்டிப் போய்க் கதவை வெளியிலிருந்து தாழிட்டாள்.

“அது அடிக்கட்டும்,” என்றாள். “நீங்க சொல்லுங்க.”