நாலாவது அடி

"மேளத்துல நாலாவது அடிய நீ ஒரு மயிரிழை பிந்தி அடிக்க, தெரியுமா?" கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஜெரோம் கேட்டான்.

"தப்புன்னா சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்" என்றாள் ரெஜினா.

"திருத்திராத தாயி. அதுக்கு ஆடி ஆடித்தான் உன் பின்னால வந்தேன்."

பத்து வருடமாகிவிட்டது. மேடையேறும் முன் வரிசையில் நின்று காதில் செவிமணி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ரெஜினாவுக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வரும். செவிமணி வெளியே உள்ள சத்தத்தை அடைத்துவிடும். 'நேர்த்தி' என்ற இயந்திரம் திருத்தி அனுப்புவது மட்டுமே காதில் விழும். கலைஞருக்கும் ரசிகருக்கும் அதே மணிதான்.

தூத்துக்குடியின் ஐந்து சல்சா குழுக்களில் தேறியவர்களைப் பொறுக்கிச் சேர்த்தது 'உப்பளம் பன்னிருவர்' குழு. ஜெரோம் பாட்டு, ரெஜினா கொங்கா மேளம். முதல் வருடம் துறைமுகக் கிடங்கில் முந்நூறு பேர் ஆடியதில் தரைப்பலகையே பெயர்ந்தது. பிறகு விளையாட்டரங்கங்கள். அதற்கும் பிறகு, ஒரே நேரத்தில் நாற்பது நகரங்களில் ஒளியுருவாக நேரடி நிகழ்ச்சி. எந்த ஊர் ரசிகரும் மற்ற ஊரைவிட மட்டமாகக் கேட்கக் கூடாதென்று சட்டம் வந்தது; கூடவே நேர்த்தியும் வந்தது. பிந்துவதும் முந்துவதும் மூச்சு வாங்குவதும் சட்டத்தின் கணக்கில் மட்டம். ஆறு வருடமாக ரெஜினாவின் நாலாவது அடி யார் காதையும் எட்டவில்லை. புருஷன் காதையும்தான்.

இன்று மதியம் நிர்வாகி வேதவல்லி சிரித்த முகமாக வந்தாள். ரெஜினாவின் அடிகளைத் திருத்தித் திருத்தி நேர்த்தி திணறுகிறதாம். இனி அவள் கையை அசைத்தால் போதுமாம், மேளம் பதிவிலிருந்து ஓடிக்கொள்ளுமாம்.

ரெஜினா ஜெரோமைப் பார்த்தாள்.

"நல்லதுதான ரெஜி. கைவலியாவது குறையும்லா" என்றான் அவன், தைலம் வாங்கிக் கொடுப்பவனின் அக்கறையோடு.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அக்கறையைத்தான் தாங்க முடியவில்லை.

மாலை நாலு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. இரண்டாவது பாட்டின் நடுவில் ரெஜினா கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காதுக்குள் அவளுடைய கொங்கா பிசகாமல் ஒலித்துக்கொண்டேயிருந்தது. அரங்கம் ஆடியது. நாற்பது நகரமும் ஆடியிருக்கும். மூன்றடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஜெரோமும் சொக்கிப்போய் ஆடினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருத்தி அடிப்பதை நிறுத்திவிட்டாள் என்று ஓர் உயிருக்கும் தெரியவில்லை. இதற்குப் பெயர் நேரடி நிகழ்ச்சி!

அவள் எழுந்து போய் அவன் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடித்தாள். நேர்த்தி பாட்டையும் வாத்தியங்களையும்தான் திருத்தும். பேச்சு போனபடியே போகும். ஜெரோம் பாட்டை விட்டுவிட்டு விழித்தான்.

"ஏங்க, ஆறு வருசமாக் கேக்கணும்னு நெனச்சு முழுங்கிட்டே இருந்தேன்" என்றாள். குரல் நடுங்கியது. நடுக்கமும் நாற்பது ஊருக்கும் போனது.

"அந்த மணியக் கழத்துங்க. நான் அடிக்கதக் கேளுங்க."