மழையில் மட்டும் ஏழு கோடு

கழக்கூட்டத்தில் ஐப்பசித் துலாமழை பிடித்துக்கொண்டபோது மாலை ஆறு மணி. ஐடி பார்க்கிலிருந்து வெளியே வந்த கூட்டம் பஸ் நிறுத்தத்துக் கூரைக்குள் ஓடியது. திவ்யலட்சுமி மட்டும் ஓடவில்லை. ஓட முடியாது என்பது ஒன்று. இடது கையில் குடை, வலது கையில் ஊன்றுகோல். ஓட மனமில்லை என்பது இன்னொன்று.

அவள் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது வரும்... இதோ...

வந்தது.

கறுத்த தாருக்கு அடியிலிருந்து ஒரு கோடு மேலே மிதந்து வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. வண்டிகளின் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மினுங்கியது, வண்டி போனதும் மங்கியது. ஏழு கோடுகள்... வெயிலில் வந்து பார்த்தால் அங்கே ஒன்றும் கிடையாது, வெறும் தார்தான்.

ஒரு வருஷம் நாலு மாதம் முன்பு, இதே மாதிரி ஒரு மழையில், அந்தக் கோடுகளின் மேல் நடந்தபோதுதான் ஒரு கார் அவளைத் தூக்கி எறிந்தது. அப்படித்தான் அவளுக்கு நினைவு. ஆனால் போலீஸ் ஐந்து நாள் கழித்து வந்து இடத்தைப் பார்த்து எழுதிய மகஜரில் 'சம்பவ இடத்தில் ஜீப்ரா கோடு இல்லை' என்று இருந்தது. நஷ்டஈட்டு வழக்கில் இன்ஷூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். பெண் கடக்கக் கூடாத இடத்தில் கடந்தாள், பாதித் தப்பு அவளுடையது, பாதியைக் குறையுங்கள் என்றார்.

பணம் போனால் போகட்டும். "நீ போனைப் பார்த்துட்டு நடந்திருப்ப மக்களே" என்று அம்மாவே சொல்லிவிட்டாளே! தலையில் அடிபட்டவர்களுக்கு நடக்காதது நடந்த மாதிரி தோன்றும் என்று டாக்டரும் சொன்னார். கூட வேலை பார்க்கும் ஆஷாவை ஒருநாள் இழுத்துவந்து காட்டினாள். அதற்குள் மழை விட்டு வெயில் அடித்துவிட்டது. ஆஷா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தட்டல்தான் திவ்யாவைத் தூங்கவிடவில்லை. வழக்கு தோற்கட்டும், ஆனால் என் புத்தி என்னை ஏமாற்றிவிடக் கூடாது... இதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

இன்னொரு நினைவும் உண்டு. அதை யாரிடமும் அழுத்திச் சொல்வதில்லை. தரையில் கிடந்தபோது முகத்துக்கு மேலே இரண்டு கண்கள்... இமை நுனியெல்லாம் மழைத்துளி... "கண்ணை மூடாதேங்கோ. என்னைப் பாருங்கோ" என்று ஒரு குரல். அவள் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள், நாஞ்சில்நாட்டுக் குடும்பம். அம்மாவைக் கேட்டால், "அது பத்மநாபசாமியாக்கும்" என்று முடித்துவிடுவாள். சாமி அக்ரகாரத் தமிழில் பேசுவாரா என்று திவ்யாவுக்கு ஒரு சந்தேகம்.

இன்று மழை கொஞ்சம் வலுத்தது. கோடுகளின் மறுமுனையில் யாரோ குந்தி உட்கார்ந்திருப்பதை அவள் அப்போதுதான் கண்டாள். கறுப்புக் குடை. ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, தெரிந்தவர்களைத் தொடுவதுபோலக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. குடை மெல்ல நிமிர்ந்தது.

அதே கண்கள்!

அவளைப் பார்த்ததும் அந்த முகம் வெளுத்துப்போயிற்று. குடை கைநழுவி காற்றில் உருண்டது. அவன் பின்னாலேயே நகர்ந்தான்.

"ஏய்... நில்லுங்க!"

நின்றான். வண்டிகள் ஓய்ந்த ஒரு நொடியில் அவள் ஊன்றுகோலை ஊன்றிக் கடந்துவந்து அவன் எதிரே நின்றாள்.

"நீங்க... இருக்கேளா?" என்றான் அவன்.

அந்தக் குரல்! திவ்யா ஓரடி நெருங்கினாள். "இருக்கேன்... நீங்க?"

"நானும் இருக்கேன்..."

பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. ஊன்றுகோலால் கீழே காட்டினாள். "உங்க கண்ணுக்கு இங்க கோடு தெரியுதா?"

"தெரியறது."

"எத்தனை?"

"ஏழு."

தெருவென்றும் பாராமல் அவள் விம்மி விம்மி அழுதாள். பேயானாலும் சரி, மனுஷனானாலும் சரி, ஏழு என்று சொன்னானே... அது போதும் என்று இருந்தது.

இருவரும் போய் உட்கார்ந்த சாலையோரத் தட்டுக்கடையில், கடைக்காரர் தாசையன் சாயா ஊற்றினார். "கொச்சே, மழையத்து அந்த எடத்துல ஒரு பெண்ணு கம்பு ஊணி நிக்கும்ணு ஆட்டோக்காரங்க பறயுது. பயந்து இப்ப இங்க வண்டி நிறுத்தறதே இல்ல."

"அது நானாக்கும், சேட்டா."

தாசையன் அவள் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். தரையில் பட்டுத்தான் இருந்தது.

அவன் பெயர் ஜெயந்த். கிழக்கேகோட்டை அக்ரகாரம். அடுத்த கட்டடத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அன்று அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவன் அவன்தான்.

"கோடு நெஜம்தான். உங்களைச் சேர்த்துட்டு வந்த மூணாம் நாள், ரோடு போடறவா வந்து கறுப்புப் பெயிண்ட் அடிச்சு மறைச்சா. கிராசிங்கை மேம்பாலத்துக்குக் கீழ மாத்தினா. அடியில பழைய பெயிண்ட் தடிப்பா இருக்கு. நனைஞ்சா மினுங்கும், காய்ஞ்சா போயிடும்."

இவ்வளவுதானா! ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட்டா தன்னைப் பைத்தியமாக்கப் பார்த்தது? திவ்யாவுக்குச் சாயா அன்றைக்குத்தான் இனித்தது.

"என்னைப் பார்த்து ஏன் அப்படி அரண்டீங்க?"

ஜெயந்த் தம்ளரைக் கீழே வைத்தான். "மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டேன். கழக்கூட்டத்துலேர்ந்து வண்டி மோதி வந்த பொண்ணுன்னு மட்டும்தான் சொல்லத் தெரிஞ்சுது. அன்னிக்கு அப்படி ரெண்டு பேர் வந்திருக்கா போல. ஒருத்தி விடிகாலம் போயிட்டா. படுக்கையைக் காமிச்சா... காலியா இருந்தது." அவன் குரல் இறங்கிற்று. "ஆத்துக்கு வந்து தலை முழுகினேன். அப்பாக்கு ஆடி அமாவாசைக்குச் சங்குமுகத்துல தர்ப்பணம் பண்ணுவேன். உறவு இல்லாதவாளுக்கும், காருண்யமா, எள்ளும் ஜலமும் விடலாம். உங்களுக்கும் விட்டேன். ரெண்டு ஆடி அமாவாசைக்கும்..."

கடலோரத்தில் ஈர வேட்டியுடன் நின்று, உயிரோடு இருக்கும் தனக்கு ஒருவன் எள் இறைத்திருக்கிறான். அந்த ஆடி அமாவாசைகளில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம்? படுக்கையில் புரண்டுகொண்டிருந்தோம்... திவ்யா தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டாள். துடித்தது.

"அப்ப அந்த எள்ளு, அந்த இன்னொரு பொண்ணுக்குப் போயிருக்கும்" என்றாள் மெல்ல. "அவளுக்கும் யாராவது வேணும்லா..."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை ஒரு கணம் கூடுதலாகவே நின்றது. திவ்யா தம்ளருக்குள் கண்ணைப் புதைத்துக்கொண்டாள். இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"வர்ற வாரம் கேஸ் இருக்கு. நீங்க வந்து சொன்னா போதும்" என்றாள்.

அவன் முகம் மூடிக்கொண்டது. "என்னால முடியாது... அப்பா ஒருதரம் அடிபட்டவன் ஒருத்தனைத் தூக்கிண்டு போனார். எட்டு வருஷம் ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைய விட்டா. அந்த அலைச்சல்லயே போனார். கோர்ட் படி மிதிக்கமாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். இப்போ சட்டம் இருக்கு, காப்பாத்தினவன் பேர் சொல்ல வேண்டாம்னு. அதனாலதான் அன்னிக்கு..."

"சட்டம் உங்களைக் காப்பாத்திட்டு. என்னை யாரு காப்பாத்துவா? அன்னைக்கே பேரைச் சொல்லியிருந்தா, போலீஸ் கேட்டிருக்கும், மகஜர்ல கோடு வந்திருக்கும். செத்தவளுக்கு எள்ளு இறைக்கத் தெரியுது, உயிரோட இருக்கவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?" அவள் எழுந்துவிட்டாள். "எனக்கு உங்க எள்ளும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம்!"

கோபத்தில் குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே போனாள். வீறாப்புக்குக் குறைச்சல் இல்லை.

அவள் வக்கீல் ஆறுமுகநயினார் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அவனை இழுக்க முடியாது மக்கா. அவனா மனசு வச்சு வரணும். கோடே இல்லேன்னாலும் நடக்குறவங்களைப் பார்த்து ஓட்டுறது வண்டிக்காரன் பொறுப்புதான், அதைச் சொல்லி வாதாடுவேன். ஆனா கோடு இருந்துதுன்னு காட்டிட்டா அவனுக வாய் அடைஞ்சிரும். நாம எடுக்குற போட்டோவை நம்பமாட்டானுக, இடத்தைப் பார்த்து எழுத கோர்ட் சார்பா ஒரு கமிஷனரைக் கேப்போம்."

நஷ்டஈட்டு ட்ரிப்யூனல் ஒரு பெண் வக்கீலைக் கமிஷனராக நியமித்தது. அவர் முதலில் வந்தபோது வெயில். இரண்டாம் முறையும் வெயில். வானம்கூட இன்ஷூரன்ஸ் பக்கம் சேர்ந்துகொண்டது என்று திவ்யாவுக்குத் தோன்றியது. மூன்றாவதும் கடைசியுமான நாள், மாலை ஐந்தே முக்கால். போக்குவரத்தை நிறுத்த ஒரு போலீஸ்காரர்கூட வந்திருந்தார். மேகத்தின் பொட்டுக்கூட இல்லை.

இன்ஷூரன்ஸ் வக்கீல் அனுதாபமாகச் சிரித்தார். "தலைக்கு அடி கொண்ட குட்டியல்லே, மேடம்..." கமிஷனர் ஃபைலை மூடினார். திவ்யா தாரையே பார்த்தாள். வெறும் தார். என் புத்திதான் போலிருக்கிறது... ஏழு என்று சொன்ன அவனும் என் புத்திதானோ? அன்றைக்கு அந்தக் கடையில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேனோ?

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு மடிசார் மாமி இறங்கினாள், கையில் பித்தளைச் செம்பு. அவள் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு, ஜெயந்த்.

"நான் விஜயம், இவன் அம்மா" என்றாள் மாமி, எல்லோருக்கும் பொதுவாக. "கடைக்காரர் சொல்லித்தான் இன்னிக்குன்னு தெரிஞ்சுது. கோர்ட்டுப் படி மிதிக்காதேன்னு சத்தியம் வாங்கினது நான்தான். ஆனா ஜீவனோட இருக்கற பொண்ணுக்கு என் பிள்ளை எள்ளு எறச்சிருக்கான். அந்தத் தோஷத்துக்கு முன்னாடி என் சத்தியம் எம்மாத்திரம்? விடுடா ஜலத்தை."

ஜெயந்த் செம்பில் மொண்டு, உள்ளங்கையில் விட்டபடி கோடு இருந்த இடத்தில் குனிந்தான். பழக்கதோஷம், உள்ளங்கை தானாகச் சாய்ந்து, கட்டைவிரல் பக்கமாக நீர் ஒழுகத் தொடங்கியது.

"கையைத் திருப்புடா!" விஜயம் அலறினாள். "அது போனவாளுக்கு விடற மாதிரி! இவ நிக்கறா பார். நேரா விடு!"

அவன் கை திரும்பியது. நீர் நேராக விழுந்தது. தாசையன் கடையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். ஆட்டோக்காரன் ஹெட்லைட்டைப் போட்டான். ஈரம் பரவியது. சாலையில் எப்போதும் இருக்கும் இரைச்சல்கூட எங்கோ தள்ளிப் போய்விட்ட மாதிரி இருந்தது.

முதல் கோடு தாருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது.

தாசையன் சிலுவை போட்டுக்கொண்டார். கமிஷனர் கிட்டே வந்தார். "ஒந்நு... ரெண்டு... மூந்நு..." என்று அவர் விரல் நகர்ந்தது. திவ்யாவும் உதட்டுக்குள் எண்ணினாள். "...ஆறு... ஏழு."

"மேடம், இது வெள்ளம் ஒழிச்சு உண்டாக்கினதல்லே?" என்றார் இன்ஷூரன்ஸ் வக்கீல், ஊற்றிய தண்ணீரைக் காட்டி.

"மழையும் வெள்ளம்தந்நே, வக்கீலே" என்றார் கமிஷனர், போட்டோ எடுத்துக்கொண்டே.

ஜெயந்த் நிமிர்ந்தான். "எழுதிக்கோங்கோ. எம் பேர் ஜெயந்த், அப்பா பேர் சேஷன். அன்னிக்கு இவா நாலாவது கோட்டு மேல கிடந்தா. அங்கேருந்துதான் தூக்கினேன். வஞ்சியூர் கோர்ட்டுக்கும் வந்து சொல்றேன். எத்தனை தரம் கூப்பிட்டாலும்."

திவ்யா நாலாவது கோட்டைப் பார்த்தாள். நான் சரியாகத்தான் நடந்தேன். என் புத்தி என்னிடம் பொய் சொல்லவில்லை... கண்ணீர் வழிய வழிய, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு செம்பில் கொஞ்சம் நீர் மிச்சம் இருந்தது. விஜயம் அதை மகனிடம் நீட்டினாள். "இது அந்த இன்னொரு குழந்தைக்கு." இந்தமுறை அவன் கை கட்டைவிரல் பக்கம் சாய்ந்தது. காற்றே இல்லாத அந்த மாலையில் திவ்யாவின் துப்பட்டா நுனி, யாரோ தொட்டுவிட்டுப் போனதுபோல, ஒருமுறை அசைந்தது. மூவரும் பார்த்தார்கள். மூவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

விஜயம் மெல்ல ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டாள். விவரம் தெரிந்த மாமி.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் திவ்யா. "பேரே தெரியாம எப்படி எள்ளு விட்டீங்க?"

"சாஸ்திரிகளும் அதான் கேட்டார். பேர் தெரியலைன்னா பரவால்ல, என்ன உறவுன்னாவது சொல்லுன்னார்." ஜெயந்த் காலியான செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சொல்லத் தெரியல. அன்னிக்கு ஆட்டோவுல என் கையைப் பிடிச்சுண்டே வந்தேள். ஆஸ்பத்திரியில அவாதான் பிரிச்சு விட்டா. அது பிரிஞ்ச மாதிரியே நேக்கு இன்னும் தோணலை..." செம்பைக் கீழே வைத்தான். "மழை பெஞ்சா இங்க வந்து உட்காருவேன். போனவளை இப்படி நினைக்கறது தப்புன்னு தெரியும். ஆனா நினைச்சேன். உங்களையேதான்..."

சொல்லிவிட்டு, ஏதோ அடி விழப்போகிற மாதிரி, இறுகக் கண்ணை மூடிக்கொண்டான்.

திவ்யா ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றினாள். கோடுகள் காயத் தொடங்கியிருந்தன... ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. நாலாவது கோடு மறைவதற்குள் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணை மூடாதேங்கோ" என்றாள், அவன் தமிழிலேயே. "என்னைப் பாருங்கோ."