அக்காவின் ரத்தம்

பால் தம்ளரை மேசையில் வைக்கப் போனபோது, "அங்கயே வச்சுடுங்க" என்றான் தம்பி.

'வச்சுடு' இல்லை, 'வச்சுடுங்க'. பேசப் பழகிய நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்றே சொல்லி வளர்ந்தவன். சண்டை முற்றினால் 'டி' போட்டு, அதற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டவன். கேலி செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தபடி திரும்பினாள். அவன் சிரிக்கவில்லை. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த புது ஆளைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே மழை பிடித்திருந்தது. மூன்றாம் மாடி ஜன்னல் கண்ணாடியில் அது சரசரவென்று ஓயாமல் வழிய, அறைக்குள் மருந்தும் துவைத்த துணியின் ஈரமும் ஒன்றாகக் கலந்து வாடையடித்தது. சில நாட்களாக அவன் தூங்குவதில்லை. சாப்பிட்டுக் கைகழுவியதும் சாப்பாடு எப்போது என்று கேட்டான். உடம்பு தேறிவரும்போது வரும் அசதி என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

அவனுக்கு ரத்தப் புற்றுநோய். அவனுடைய எலும்பு மஜ்ஜையை மருந்தால் எரித்துவிட்டு, அக்காவின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்ததை ஏற்றியிருந்தார்கள். அது பிடித்துக்கொண்டது. "உன் ரத்தம் ஏறியாச்சுல்ல, இனிமே எனக்கும் மூக்குக்கு மேல கோபம் வரும்" என்று அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரித்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

இன்று மதியம், வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். அவன் ரத்தத்தில் ஒரு வைரஸ் ஏராளமாக இருக்கிறதாம். குழந்தைகளுக்குக் காய்ச்சலும் சிவப்புத் தடிப்பும் தந்துவிட்டுப் போகிற சாதாரண வைரஸ்தான். ஆனால் நூற்றில் ஒருவருக்கு அது வெளியிலிருந்து தொற்றுவதில்லை, தாய் வழியாகவோ தகப்பன் வழியாகவோ மரபணுவோடு சேர்ந்தே வருகிறது. அதைப் பார்க்கத்தான் போன வாரம் இருவர் முடியையும் எடுத்திருந்தார்கள். அவள் தலையிலிருந்து வேரோடு பிடுங்கிய முடியில் அது இருந்தது. அவன் முடியில் இல்லை. ஆக, அவன் ரத்தத்தில் ஓடுவது அவளுடையது.

கேட்காமல் குடிவந்த ஆளா என்று அவள் வேடிக்கையாகக் கேட்டாள்.

"குடிவரலம்மா. வீடு கட்டும்போதே சுவருக்குள்ள வச்சுக் கட்டியாச்சு. ஒவ்வொரு செல்லிலயும் இருக்கு. அதுவும் சேர்ந்ததுதான் நீங்க" என்றார் டாக்டரம்மா.

பெரும்பாலானவர்களுக்கு அது ஆயுள் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருக்குமாம். அரிதாக விழித்துக்கொள்ளும். அவன் மறதியைப் பார்த்தால் மூளைவரை போயிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, தண்டுவட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும், காலையில் அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். தம்பியிடம் இதில் ஒரு வார்த்தைகூட அவள் சொல்லவில்லை.

கட்டிலில் அவன் அசைந்தான். "அக்கா வர்ற நேரமாச்சு" என்றான் மெதுவாக. "அவ வர்றதுக்குள்ள நீங்க கிளம்பிடுங்க. பாத்தா பயந்துடுவா."

காலைவரை காத்திருக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. கூடத்துக்கு வந்து வீட்டுத் தொலைபேசியில் ஆஸ்பத்திரியை அழைத்தாள். ஆம்புலன்ஸ் கிளம்புகிறது, மழையால் கொஞ்சம் தாமதமாகும், தனியே விடாதீர்கள் என்றார்கள். திரும்பி வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் கால்களை மடக்கிக்கொண்டான்.

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அவன் அழுத கதையைச் சொன்னாள். அவள் ஏறிப்போய் முதுகில் சுமந்து இறக்கியதையும், கால்சட்டை நனைந்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ததையும், இன்றுவரை சொல்லாததையும் சொன்னாள். இது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

அவன் பொறுமையாகக் கேட்டான். ஒப்புக்கொள்வதுபோலத் தலையாட்டினான்.

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா? அப்பவும் அவளுக்குள்ளதான இருந்தீங்க."

நோய்தான் பேசுகிறது. காய்ச்சல். மூளையில் வீக்கம். டாக்டரம்மா சொன்னாரே. அவர் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவருடைய மேசை, ஊதா நிற மை, ஜன்னலோரம் ஒரு வாடிய செடி. அப்புறம் பேருந்து, அதன் ஜன்னலில் முதல் தூறல்.

அப்புறம்?

அப்புறம் கையில் பால் தம்ளர்.

நடுவில் ஒன்றுமில்லை. நிறுத்தத்தில் இறங்கியது, தெருவில் நடந்தது, படியேறியது, பூட்டைத் திறந்தது, பால் காய்ச்சியது எதுவும் நினைவில் இல்லை. எழுந்து கூடத்துக்குப் போனாள். வாசலருகே அவள் செருப்பு இல்லை. ஆணியில் கைப்பை இல்லை. சாவியும் இல்லை. கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. தலையைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை மழையில் வந்தவளின் தலை.

காய்ந்திருந்தது.

கீழே படிக்கட்டில் காலடி. ஆம்புலன்ஸ் ஆட்கள். வந்துவிட்டார்கள். ஆனால் ஒரே ஒரு ஆளின் காலடி. ஸ்ட்ரெச்சரின் சத்தம் இல்லை. ஈரச் செருப்பு படிகளில் சளக், சளக் என்றது. இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கியது. மறுபடி ஏறியது.

பூட்டில் சாவி நுழைந்தது. திரும்பியது. உள்தாழ்ப்பாள் தடுத்தது.

"டேய், ஏன்டா தாழ்ப்பாள் போட்ட? தொப்பலா நனைஞ்சுட்டேன், திற."

அவள் குரல்.

அதே கரகரப்பு. அதே அலுப்பு. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வாய் மூடித்தான் இருந்தது.

பின்னால் தம்பி வந்தான். பல நாட்களாக எழுந்து நிற்கவே சுவரைப் பிடித்தவன் விறுவிறுவென்று வந்தான். அவளைத் தொட்டுவிடாமல், உடம்பை ஒடுக்கி ஓரமாகக் கடந்தான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

திறக்காதே என்று சொல்ல நினைத்தாள். எந்தக் குரலில் சொல்வது?

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. ஈரக் காற்று. தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வாசலில் அவளே நின்றாள், கைப்பையும் சாவியுமாக. தம்பி அந்தத் தோளில் முகம் புதைத்துக்கொண்டான். அந்தக் கை அவன் முதுகைத் தடவிக்கொடுத்தது.

அந்த முகம் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலாக, கூடத்தில் நின்றவளைப் பார்த்தது. பயப்படவில்லை. பார்வையை எடுக்காமலே உள்ளே வந்து, பின்னால் கைநீட்டி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது.