இரண்டு பஸ்ஸுக்கு நடுவில்

தண்ணீர் ஊற்றினால் செடி தலை நிமிர வேண்டும். சந்திரலேகா வீட்டில் மட்டும் எல்லாம் ஏறுக்குமாறு. ஜன்னலோரம் பழைய பெயின்ட் வாளிகளில் நின்ற துளசியும் குரோட்டன்ஸும் மணிபிளான்ட்டும் ஊற்ற ஊற்றத் துவண்டன. மண்ணுக்குள் விரலை விட்டால் சேறு, இலையைத் தொட்டால் வெந்த கீரை, கிட்டே குனிந்தால் ஈரத்துணியை நாலு நாள் மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வீச்சம். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அந்த வீச்சம் எழுந்து அறை முழுக்கச் சுற்றும். அவள் குழந்தையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள்.

செடிகள் அவளுடையவை அல்ல. வடக்குப்பட்டில் இந்த மாடி போர்ஷனுக்குக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அவளும் புருஷன் மாரிமுத்துவும் குடிவந்தபோதே ஜன்னலோரம் இருந்தன. அவளுக்குக் காலை ஷிப்ட், அவனுக்கு நைட் ஷிப்ட், வேறு வேறு கம்பெனி. ஒரே வீட்டில் குடித்தனம் என்று பேர்தான், முகம் பார்த்துப் பேசுவது ஞாயிற்றுக்கிழமையில்தான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை செடி விஷயம் வெளியே வந்தது.

"செடிக்கு நீங்க தண்ணி ஊத்துறீகளா?"

"ஆமா. காலையில வந்து பாத்தா எல்லாம் தொங்கிப்போய்க் கிடக்கு. பாவம்னு ஆளுக்கு ரெண்டு மக் ஊத்துவேன்."

"அட கூறுகெட்ட மனுசா, சாயங்காலம் நானும்ல ஊத்துறேன்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இனி யாரும் ஊற்றுவதில்லை என்று முடிவாயிற்று. மக்கைக் குளியலறை ஆணியில் மாட்டினாள் சந்திரலேகா. செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. மண் காயவே இல்லை. இலைகள் இன்னும் தொங்கின.

வியாழக்கிழமை மாலை, கம்பெனி கேட்டில் ஒப்படைத்திருந்த போனைத் திரும்ப வாங்கியதும் அவனைக் கூப்பிட்டாள். குரலில் கடுகடுப்பு.

"ஊத்தக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் எங்கிட்டு ஊத்துனேன்? உன்னயத் திட்டணும்னு நானும்ல இருந்தேன். வந்து கதவத் திறந்தா மக்கு ஈரமாத் தரையில கிடக்கு. பாப்பா சட்டையும் நெஞ்சுப் பக்கம் நனஞ்சு கிடக்கு. போற அவசரத்துல என்னத்தச் செஞ்சிட்டுப் போற?"

அவள் கிளம்பும்போது மக் ஆணியில் இருந்தது. குழந்தைக்குக் காய்ந்த சட்டைதான் போட்டிருந்தாள். எச்சில் வடிந்திருக்கும் என்றான் அவன். இருக்கலாம் என்றாள் அவளும். ஆனால் மனசு ஒப்பவில்லை.

ஏனென்றால் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் கிடையாது. அவளுடைய பஸ் முதலில் வரும். அவனுடைய பஸ் பிறகு வரும். நடுவில் அரை மணி நேரம் குழந்தை கலைமதி தூளியில் தனியாகத் தூங்கும், கதவு வெளியே பூட்டியிருக்கும். கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரி கோவிந்தம்மாவும் விடிவதற்குள் கேன்டீன் சமையலுக்குப் போய்விடுவாள். இந்த வரிசையில் பல வீடுகளில் இதுதான் நடப்பு, வெளியே சொல்லமாட்டார்கள். பஸ் போய்ச் சேருவதற்குள் அவனிடமிருந்து "வந்துட்டேன்" என்று போன் வரும். அது வரும்வரை சந்திரலேகாவுக்கு உயிரே இருக்காது. ஷிப்ட் மாற்றிக் கேட்டிருந்தாள். பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார் சூப்பர்வைசர்.

குழந்தையும் இப்போதெல்லாம் சரியில்லை. அழுவதில்லை. பாலுக்கு முட்டுவதில்லை. தூக்கினால் தலை தோளில் சரிந்து விழுந்தது. கொழுக்குமொழுக்கென்று எடை கூடியிருந்தது, முகத்தில் களை இல்லை. ஊசி போட வந்த நர்ஸம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி குடுக்குறியாம்மா? அஞ்சு மாசக் கொழந்தைக்கு ஒரு சொட்டு கூடாது, தெரியும்ல?" என்றாள். சத்தியமாக இல்லை என்றாள் இவள்.

வெள்ளிக்கிழமை மாலை வாடகை ரசீது கொடுக்க மேலே வந்த கோவிந்தம்மா வாளிகளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, இத இன்னும் வூட்டுக்குள்ளயே வச்சிகினு கீற? அடியில ஓட்ட கீதா பாரு. தண்ணி எங்க போவும்? உள்ள வேருக்கு மூச்சு முட்டிப் பூடும். மேல பாத்தா தாகத்துல வாடற மாரியே இருக்கும். ஐயோ பாவம்னு இன்னும் ஊத்துவாங்கோ. அது இன்னும் வாடும். அந்தப் பொண்ணும் இப்டித்தான்..."

"எந்தப் பொண்ணு?"

கோவிந்தம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "வெளிய வச்சிடு. காயட்டும்." அவ்வளவுதான், விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கிளம்பும் முன் மூன்று வாளிகளையும் இழுத்துப் படிக்கட்டு மேடையில் வைத்தாள் சந்திரலேகா. சாய்த்தபோது பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது, குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே துடைத்து உலர்த்தினாள். வீடே லேசான மாதிரி இருந்தது. குழந்தை தூளியில் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கியது. கதவைப் பூட்டிச் சாவியை உருவும்போது எங்கோ ஒரு குழாய் திருகும் சத்தம் கேட்டது. பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் மெர்சி பக்கத்தில் இடம் கிடைத்தது. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவள், வடக்குப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். எந்த வீடு என்று பேச்சுவாக்கில் கேட்டாள். சொன்னதும் அவள் முகம் மாறியது.

"சசிரேகா வூடா? ஒனக்கு யாரும் சொல்லலயா?"

"என்னத்த?"

"அதுவும் புருசன் வந்துடுவான்னு கொழந்தைய பூட்டிட்டுத்தான் வேலைக்கு வந்துகினு இருந்துச்சி. ஒருநாளு அவனுக்கு ஓவர்டைம் போட்டுட்டாங்கோ. இதுக்கும் ஓவர்டைம். போனு ரெண்டும் கேட்ல. மே மாச வெயிலு, மாடி வூடு. நடக்கற கொழந்ததான், ஆனா குழாய் எட்டல. தாகத்துலயே பூடுச்சி."

"அப்புறம்?"

"அப்பால அந்தப் பொண்ணு நல்லா இல்ல. வாடிக் கெடக்கற எதப் பாத்தாலும் தண்ணி ஊத்தும். செடிக்கு, தெருநாய்க்கு, காக்காய்க்கு. போதும்டின்னாலும் கேக்காது. கடைசில ஏரியில மெதந்துச்சி."

போன் அடித்தது. மாரிமுத்து. வந்துட்டேன் என்று சொல்லத்தான். கடவுளே, அதைச் சொல்லத்தான்.

"ஏ புள்ள, ஒரகடம் பக்கத்துல லாரி கவுந்து கிடக்கு. பஸ்ஸு அசையல. லேட்டாகும் போல."

கையிலிருந்த போன் நழுவியது. நனைந்த சட்டை. தட்டிப் பார்த்த வயிறு. இத்தனை நாளும் மூன்று வாளிகள் இருந்தன. அவற்றுக்கு ஊற்றியது போக மிச்சம்தான் அந்தச் சின்ன வாய்க்கு.

இன்று வாளிகள் வெளியே இருக்கின்றன. தன் கையால் இழுத்து வைத்தாள்.

"வண்டிய நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!"

எதிரே வந்த ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினாள். தெருமுனையில் இறங்கி ஓடினாள். நல்ல வெயில். எங்கோ பால்காரர் மணி அடித்தார். படிகளில் கால் இடறியது. மேடையில் மூன்று வாளிகளும் வைத்தபடியே இருந்தன. மேல்மண் காயத் தொடங்கியிருந்தது. துளசியின் ஒரு கிளை நிமிர்ந்திருந்தது.

யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

அவளுக்குச் சாவி துவாரம் பிடிபடவில்லை. கதவுக்கு அடியிலிருந்து ஈரம் கசிந்து செருப்பைத் தொட்டது. உள்ளே சத்தம். குளியலறை வாளியில் மக் முங்குகிற சத்தம். பிறகு நிதானமாக, சிந்தாமல், மெல்லிய தாரையாக ஊற்றுகிற சத்தம்.

கதவு திறந்தது.

அந்த வீச்சம். செடி இல்லாத வீட்டில்.

தரையெல்லாம் ஈரக் கால்தடம். குளியலறைக்கும் தூளிக்கும். தூளிக்கும் குளியலறைக்கும். தூளி கனத்துத் தாழ்ந்து தொங்கியது. அடியில் சொட்டு. சொட்டு.

"கலை..."

ஓடிப் போய்த் தூளிச் சேலையை விலக்கினாள். குழந்தையின் வயிறு உப்பி மின்னியது. கழுத்து துவண்டு தலை பின்னால் சரிந்திருந்தது. கண்கள் திறந்து அம்மாவையே பார்த்தன. வாயும் திறந்திருந்தது. உள்ளே விளிம்பு வரை தண்ணீர். அசையாமல் நின்றது.

அள்ளி எடுக்கக் கையை உள்ளே விட்டாள். குழந்தையின் தலைக்கு அடியில் ஏற்கனவே ஒரு கை இருந்தது. ஊறி வெளுத்த கை. சில்லென்று. பூப்போலத் தாங்கியிருந்தது. விடவில்லை.

"பாரு, எப்டி வாடிக் கெடக்குது," என்றது தூளிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், பாசமாக.

மக் மெதுவாகச் சாய்ந்தது.