மன்ற வாசலில் ஆடிய துணி

இத்தாமார் முதல் தடவையாகக் குதிரையோடு மேட்டில் ஏறி நின்றபோது காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் குதிரைக்காரன் வேலையைப் பார்த்த ஒபேத், திடீரென்று குதிரையை ஒப்படைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டான். குதிரைக்கு என்ன தீனி, எந்தக் குளம்பில் வலி என்று வாய் ஓயாமல் சொன்னவன், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அப்போதே இத்தாமாருக்கு உறுத்தியது.

வேலை என்னவோ சுலபம்தான். கல்லெறிந்து கொல்லும்படி தீர்ப்பானவரை ஊருக்கு வெளியே பள்ளத்துக்கு நடத்திப் போவார்கள். ஊர்க்கோட்டை வாசலில் மூப்பர்கள் தீர்ப்புச் சொல்லும் மன்றத்தின் முன்னால் ஒருவன் வெள்ளைத் துணியோடு நிற்பான். கடைசி நேரத்தில் யாராவது ஓடிவந்து, அந்த ஆள் குற்றமற்றவர், என்னிடம் சாட்சி இருக்கிறது என்றால் துணியை ஆட்டுவான். மேட்டிலிருந்து அதைப் பார்க்கும் குதிரைக்காரன் பள்ளத்துக்குப் பாய்ந்து போய்த் தடுக்க வேண்டும். போன உயிர் திரும்பாது என்று பயந்து முன்னோர் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. துணிக்காரனும் குதிரைக்காரனும் ஒருவரை ஒருவர் நம்புகிற வரைக்கும்.

அன்றைக்குக் கூட்டிப் போனது செரூயாள் என்ற விதவையை. மொட்டைமாடியில் அந்நிய தேவதைக்குத் தூபம் காட்டினாள் என்று அவள் ஒலிவத் தோட்டத்தை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் இரண்டு பேர் சத்தியம் செய்திருந்தார்கள். புருஷனை அடக்கம் செய்ய வாங்கிய சாம்பிராணியில் மிச்சத்தை அன்றே வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வீட்டில் ஒரு துளி கிடையாது, யோர்தான் ஆற்றுக்கு அக்கரை போன அவன் வந்தால் கேளுங்கள் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மூப்பர்கள் காத்திருக்கவில்லை.

கறுப்பு முக்காடு போட்ட அந்த உருவம் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போன கூவுகிறவனின் குரல் மேடு வரை எட்டியது. "இவளுக்காகப் பேச வேண்டியது தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா வந்து சொல்லுங்க."

இத்தாமார் வாசல் பக்கம் திரும்பினான்.

துணி ஆடிக்கொண்டிருந்தது.

குதிரையை விரட்டிப் போய், பள்ளத்தில் தள்ளுவதற்காகச் சாட்சிகள் அவள் தோளில் கை வைக்கும் நேரத்தில் தடுத்தான். எல்லோரும் திரும்பி வந்தார்கள். மன்ற வாசலில் துணிக்காரன் பெதாயா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். துணி மடித்தபடி அவன் தோளில் கிடந்தது.

"நான் ஆட்டவே இல்லையே" என்றான்.

ஆட்டியதாகக் குதிரைக்காரன் சொன்னபிறகு அன்றைக்குத் தண்டனை கூடாது என்று மூப்பர்கள் மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். மறுநாளும் துணி ஆடியது. மறுநாளும் பெதாயா இல்லை என்று சாதித்தான். தலைமை மூப்பர் இத்தாமாரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னொரு தடவை காரணமில்லாம வந்து நின்னா, முதுகுத் தோலை உரிச்சு ஊரை விட்டே தள்ளிடுவோம். அந்தப் பொம்பளைக்கும் உனக்கும் என்னன்னு அப்புறம் விசாரிக்கிறோம்."

சாயங்காலம் கிணற்றடியில் அவன் பெதாயாவை மடக்கினான். அந்த ஆள்மேல் அவனுக்கு முழுச் சந்தேகம். தன் மருமகனுக்கு இந்தக் குதிரை வேலையை வாங்கித் தரப் பெதாயா அலைந்தது ஊருக்கே தெரியும்.

"ஏண்ணே, ஆட்டுறதையும் ஆட்டிட்டு இல்லைங்கிறீங்க. என்னை விரட்டத்தானே?"

"யாரு, நானா?" பெதாயா வாளியைக் கீழே வைத்தான். "நீ சொல்லு தம்பி, விதவை வீட்டு எண்ணெய் எத்தனை ஜாடி உன் வீட்டுக்கு வந்துச்சு? தலை ரொம்பப் பளபளன்னு இருக்கே."

"என் கண்ணால பார்த்தேன்."

"கண்ணுன்னா ஒபேத்துக்கும்தான் இருந்துச்சு" என்றவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டான். தண்ணீர் எடுக்காமலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். இத்தாமார் அதைக் கவனித்தான். பொய்யன் மாட்டிக்கொண்ட பயம் என்று நினைத்தான்.

மூன்றாம் நாள். கூட்டம் பள்ளத்தை நோக்கி நகர்ந்த பிறகு, மேட்டுப் பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. பெதாயா மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"வாசலை விட்டுட்டு இங்க என்னண்ணே பண்றீங்க?"

பெதாயா அங்கியைப் பிரித்துக் காட்டினான். மடியில் வெள்ளைத் துணியைச் சுருட்டி வைத்திருந்தான். "மூப்பரெல்லாம் உள்ள கதவைச் சாத்திட்டு இருக்காங்க. வாசல்ல ஒரு ஈ காக்கா இல்ல. துணி இங்க இருக்கு, நானும் இங்க இருக்கேன். இன்னிக்கு எது ஆடுதுன்னு பார்க்கலாம். உன் பொய்யை உன் பக்கத்துல நின்னே பிடிக்கிறேன்."

இத்தாமாருக்குச் சிரிப்புக்கூட வந்தது. இவ்வளவு துணிச்சலாக வந்து நிற்கிறவன் பொய்யனாக இருக்க முடியாதே என்று முதல் தடவையாகத் தோன்றியது. கூவுகிறவனின் குரல் தேய்ந்துகொண்டே போனது. காற்று நின்றுவிட்டது. குதிரை காதுகளை விறைத்துக்கொண்டு ஊர்ப் பக்கம் பார்த்தது. எங்கிருந்தோ புழுதி வாடை வந்தது, கற்களை உடைத்த இடத்தில் வருமே, அந்த வாடை.

இருவரும் வாசலைப் பார்த்தார்கள்.

துணி ஆடியது.

துணியைப் பிடித்திருக்க ஆள் இல்லை. துணி மட்டும், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த உயரத்தில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அவசர அவசரமாக.

பெதாயா தன் மடியைத் தொட்டுப் பார்த்தான். துணி அங்கேயேதான் இருந்தது.

"மல்கியா" என்றான் மெல்ல.

"யாரு?"

"போன வருஷம் கல்லெறிஞ்சு கொன்ன ஆளு. கடைசி நேரத்துல சாட்சி வந்துச்சு, நான் ஆட்டினேன், கை ஓயற வரைக்கும் ஆட்டினேன். ஒபேத் இங்க தூங்கிட்டான். எல்லாம் முடிஞ்சப்புறம்..." வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "சாட்சி சொல்ல வந்த ஆளைப் பேசாம இருக்கச் சொல்லி ஊரை விட்டு அனுப்பிட்டோம். துணி ஆடவே இல்லைன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டோம்."

இத்தாமார் கடிவாளத்தை இழுத்தான். பெதாயா பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டான்.

"போகாத தம்பி. செத்தவன் கூப்பிட்டா போறதா? வாசல்ல நான் இல்லைன்னு தெரிஞ்சா என்னை உரிச்சிடுவாங்க. போய் என்ன சொல்லுவ? பேய் ஆட்டுச்சுன்னா? அப்புறம் அடுத்த கல்லு உனக்குத்தான்."

"விடுண்ணே."

"உனக்கு ரெண்டு பிள்ளைங்க."

அந்த வார்த்தை அவனைப் பிடித்து நிறுத்தியது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். முதுகுத் தோல், ஊர் விலக்கு, வீட்டில் பிள்ளைகளின் முகம், எல்லாம் வந்து போயின. துணி இன்னும் வேகமாக ஆடியது.

பள்ளத்திலிருந்து முதல் சத்தம் வந்தது.

பிறகு பல சத்தங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

துணி நின்றது.

இருவரும் இறங்கினார்கள். மன்ற வாசலில் புழுதி படிந்த கழுதையோடு ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். தொண்டை கட்டிப் போயிருந்தது. "துணிக்காரன் எங்கய்யா போய்த் தொலைஞ்சான்? எவ்வளவு நேரமாக் கத்துறேன். செரூயாளம்மா சாம்பிராணியைத் திருப்பிக் குடுத்தது நெஜம். இதோ, அதே பை. ராத்திரியெல்லாம் நடந்து வந்திருக்கேன்."

இரண்டு நாள் ஏன் துணி ஆடியது என்று இத்தாமாருக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதன் வந்து சேரும் வரை அவளை யாரோ இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு தலைமை மூப்பர் வந்தார். வியாபாரியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். கடைசியில் இத்தாமாரிடம் கேட்டார். "மேட்டுல இருந்தியே. துணி ஆடுச்சா?"

பெதாயா தரையைப் பார்த்தான்.

"இல்லய்யா" என்றான் இத்தாமார்.

வாசலை விட்டுப் போனதற்காகப் பெதாயாவுக்கு அடி விழுந்தது. முதுகு ஆறியதும் ஊரை விட்டுப் போனான். இத்தாமாரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாரிக்காலம் வந்தது, போனது. அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சாம்பிராணி வாடை பட்டாலே எழுந்து வெளியே போய்விடுவான்.

வெயில் காலத்தில் இன்னொருவருக்குத் தீர்ப்பானது. இத்தாமார் மறுபடி மேட்டில் ஏறினான். கூவுகிறவனின் குரல் சரிவில் இறங்கியது. மன்ற வாசலில் புதுத் துணிக்காரன் கைகளைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றான்.

துணிக்காரனுக்கு ஒரு பக்கம் வெள்ளைத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

மறுபக்கம் ஒரு கறுப்பு முக்காடும் ஆடியது.

இத்தாமார் பள்ளத்தை நோக்கிக் குதிரையைத் தட்டிவிட்டான்.